ஒன்பது பொட்டலம் கடுகு

ஜூலை 5, வெள்ளி

கண்காட்சிக்கான தலைப்புகளை இன்று கிரேஸ் டீச்சர் கேட்டார். 'வாழ்வில் கணிதம்' என்பது பொதுத் தலைப்பு. கோலத்தில் சமச்சீர், கிரிக்கெட்டில் சராசரி என்று நல்லதெல்லாம் போய்விட்டது. நான் எழுந்து, "மளிகைச் சாமான் எந்தக் கடையில் வாங்கினால் லாபம், டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"பொட்டலம் மடிக்கப் போறியாடி செம்மலரு?" என்று பின்பெஞ்சிலிருந்து கவிப்ரியா கேட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "வீட்டுல சாமான் யாரு வாங்குறது?"

"லிஸ்ட் நான் போடுவேன், டீச்சர். அப்பா வாங்கிட்டு வருவாங்க."

"அப்ப இது ஒனக்குத்தான். ஆகஸ்ட் ஒம்பது கண்காட்சி. வெலைய மட்டும் எழுதிட்டு வந்து நிக்காத. ஏன் அந்தக் கடைன்னு காரணமும் எழுதணும்."

ஆய்வு செய்பவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்தேன். 'நடுநிலை' என்று இந்த நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று டூட்டி. அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். வத்தலகுண்டிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போய் வருவார். ஆய்வின் முதல் படி இருப்பு எடுப்பது என்பதால் சமையலறை அலமாரியைக் காலி செய்தேன்.

டப்பாக்களில் அம்மா எழுதி ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. 'து. பருப்பு' என்பதில் 'து' பாதி அழிந்துவிட்டது. அதன்மேல் வேறு சீட்டு ஒட்ட வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருக்கிறேன். வருகிற தையோடு அம்மா இறந்து நான்கு வருடம். அஞ்சறைப் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு வரிசை உண்டு: நடுக்கிண்ணத்தில் கடுகு, அதைச் சுற்றி சீரகம், மிளகு, வெந்தயம், உளுந்து, மஞ்சள், கடலைப்பருப்பு. அந்தப் பெட்டியை நான் மட்டும்தான் நிரப்புவேன். அப்பா அதைத் தொடுவதில்லை.

இருப்பு எடுத்ததில் ஒரு விநோதம். கடுகு மட்டும் ஒன்பது பொட்டலங்கள் இருந்தன. எல்லாமே ஐம்பது கிராம், எல்லாமே எங்கள் தெருமுனையில் உள்ள பொன்னையா மளிகையின் தாள் பொட்டலங்கள். இரண்டு பேருக்கு மாதம் ஐம்பது கிராமே மிச்சமாகும். இதில் எந்தப் பொட்டலத்தையும் நான் லிஸ்டில் எழுதவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "கடுகுதானம்மா, கெட்டா போயிரும்?" என்று சொல்லிவிட்டு, காலையில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்த சட்டையை எடுத்து மறுபடி துவைக்கப் போய்விட்டார். வசூலில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எந்த நிறுத்தத்தில் குறைந்தது என்று சொல்லிவிடுகிற அப்பாவுக்குக் கடுகில் மட்டும் கணக்கு வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பள்ளி விட்டதும் பொன்னையா மளிகைக்குப் போனேன். பொன்னையா தாத்தா இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பதால், கடையைப் பார்ப்பது அவர் மகள் ஜெயக்கொடி அக்கா. வயது நாற்பது இருக்கலாம். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். விலையெல்லாம் உள்சுவரில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும்.

"வெலையவா எழுதுற? எழுது தாயி எழுது. எதுத்தாப்புல யாராச்சும் கடை போடப் போறாகளா?"

"இல்லக்கா, பள்ளிக்கூடத்துக்கு."

"அப்பன்னா அந்த மூட்ட மேல ஒக்காந்து எழுது. கால் வலிக்கும்."

மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். துவரம் பருப்பு 168. உளுந்து 142. கடலை எண்ணெய் 210. அப்போது டூட்டி முடிந்து அப்பா வந்தார். தோளில் பை. நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"என்ன கண்டக்டரே, இன்னைக்கும் கடுகா?"

"ஆமா. அம்பது கிராம்."

"வீட்டுல ஊறுகா கம்பெனி நடத்துறீகளா?"

"தாளிப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் எறங்குது."

"ஆறு ரூவாய்க்குக் கடுகு வாங்க அரைமணி நேரம் நிக்கிற ஆள நான் இங்கதேன் பாக்குறேன்."

அப்பா சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இது ஒரு தகவல்தான், அட்டவணைக்குத் தேவைப்படாது. நான் எழுந்து, "அப்பா" என்றேன். அப்பா டிக்கெட் கிழிப்பவர்போலக் கையைப் பையில் விட்டுக்கொண்டு, "அட, நீயா" என்றார்.

ஜெயக்கொடி அக்கா பொட்டலத்தோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கொசுறு என்பதால் இதற்கும் அட்டவணையில் கட்டம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள சூப்பர் மார்க்கெட். துவரம் பருப்பு 159, உளுந்து 135, கடலை எண்ணெய் 198. உள்ளே குளுகுளு என்று இருந்தது. நான் நோட்டை எடுத்ததும் ஒருவர் என் பின்னாலேயே நடந்து வந்தார்.

ஜூலை 13, சனி

சந்தைப்பேட்டை மொத்தக் கடை. எல்லா விலையும் குறைவு. ஆனால் அங்கிருந்தவர், "பாப்பா, அஞ்சு கிலோவுக்குக் கீழ எடைபோட மாட்டோம். வெல கேக்குறதுக்கு மட்டும் காசு கெடையாது, நல்லாக் கேட்டுக்க" என்றார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து கிலோ உளுந்து வாங்கினால் பாதியை வண்டுதான் சாப்பிடும். நீக்கிவிட்டேன்.

ரேஷன் கடையையும் சேர்க்கவில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே விலை, தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாத லிஸ்டில் பதினெட்டுச் சாமான்கள். பொன்னையா மளிகையில் வாங்கினால் சூப்பர் மார்க்கெட்டைவிடத் தொண்ணூற்று நான்கு ரூபாய் கூடுதல். மூன்று லிட்டர் எண்ணெயில் மட்டுமே முப்பத்தாறு ரூபாய் வித்தியாசம்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"மாசத்துக்குத் தொண்ணூத்தி நாலா?"

"வருசத்துக்கு ஆயிரத்து நூத்து இருவத்தெட்டு, அப்பா."

வெகுநேரம் பார்த்தார். ஜெயக்கொடி அக்கா கடைக்காக அவர் ஏதாவது வாதாடுவார் என்று நினைத்து மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார். "அப்ப அங்கேயே வாங்கிருவோம்மா."

பதில்கள் தேவைப்படவில்லை. நான் நடுநிலையாகத்தான் கணக்கிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

மறுபடி சரிபார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை.

ஜூலை 20, சனி

ஆய்வின் இரண்டாம் படி நடைமுறைச் சோதனை. அப்பாவும் நானும் சூப்பர் மார்க்கெட் போனோம். அப்பா தள்ளுவண்டியைப் பேருந்து நடைபாதையில் போவதுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்தே தள்ளினார். பேச ஆள் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண்ணிடம், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். அந்த அக்கா, "கேஷா, ஜீபேயா சார்?" என்றார்.

லிஸ்டில் இல்லாதவை: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் பிஸ்கட், ஒரு பிளாஸ்டிக் மக்கு. இரண்டும் சேர்த்து 112 ரூபாய். இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இரண்டு மக்கு இருக்கிறது.

ஜூலை 24, புதன்

சில கவனிப்புகள்.

அப்பா இப்போது தினமும் முகம் மழிப்பதில்லை. பிளேடுச் செலவு மிச்சம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருமுனை வழியாக வராமல் பள்ளிவாசல் பின்பக்கம் சுற்றி வருகிறார். ஆறு நிமிடம் கூடுதல் நடை. உடம்புக்கு நல்லது.

கறிவேப்பிலையை இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம்.

மொத்தத்தில் சோதனை நன்றாகப் போகிறது.

ஜூலை 27, சனி

நூலகத்துக்குத் தெருமுனை வழியாகத்தான் போயாக வேண்டும். புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடந்தேன். பலிக்கவில்லை.

"ஏ தாயி, செம்மலரு! இங்க வா."

போனேன்.

"ஒங்கப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா? ரெண்டு வாரமா இந்தப் பக்கமே காணோம்."

நான் பொய் சொல்வதில்லை. ஆய்வைப் பற்றியும் தொண்ணூற்று நான்கு ரூபாயைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயக்கொடி அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தராசுத் தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி நாலு ரூவா பெரிய காசுதேன். நீ செஞ்சது சரி. இம்புட்டு அக்கறையா பிள்ள இருந்தா அந்த வீட்டுக்கு என்ன கொறைச்ச?"

அப்புறம் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கொட்டை எடுத்த புளி.

"கொட்ட எடுக்கயில நகக்கண்ணுல குத்துதுன்னு நீ சொன்னியாமில்ல. ஒங்கப்பா போன மாசமே சொல்லி, காசும் குடுத்து வச்சாரு. நான்தேன் ஒக்காந்து எடுக்க நேரமில்லாமக் கெடந்தேன். இப்ப நேரமிருக்கு."

"ஏங்கா, யாவாரம் இல்லையா?"

"யாவாரம் எப்பவும்போலத்தேன். ஆவணி பொறந்ததும் கடையப் பூட்டிட்டு அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துருக்கான்னு கோயமுத்தூருல இருந்து தம்பி கூப்புடுறான். ஒரு வருசமாக் கூப்புடுறான், நான்தேன் சாக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பச் சொல்றதுக்குச் சாக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை.

சாப்பிடும்போது அப்பாவிடம் கோயம்புத்தூர் செய்தியைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த சோற்றையும் பிசைந்தார்.

"நல்லதுதானம்மா. தம்பி கூட இருந்தா ஒத்தாசைதான்" என்றார்.

தட்டில் பாதி மீதம்.

ஜூலை 28, ஞாயிறு

அஞ்சறைப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கண்காட்சிக்கு மாதிரிப் பொருளாக எண்ணெய்ப் பாக்கெட்டை ஒட்டலாம் என்று வெட்டினேன். அதில் '1 லிட்டர்' என்று பெரிதாகவும், கீழே '910 கிராம்' என்று சிறிதாகவும் அச்சடித்திருந்தது.

பொன்னையா மளிகையில் எண்ணெய் தராசில் வைத்துத்தான் தருவார்கள். கிலோ 210. சூப்பர் மார்க்கெட்டில் 198 என்பது லிட்டர் விலை. லிட்டர் என்பது கிலோவைவிடத் தொண்ணூறு கிராம் குறைவு. ஒரே அளவுக்கு மாற்றிப் பார்த்தால் ஜெயக்கொடி அக்காவிடம் ஒரு லிட்டர் நூற்றுத் தொண்ணூற்று ஒரு ரூபாய்தான் வருகிறது. அதாவது ஏழு ரூபாய் குறைவு. மொத்தக் கணக்கையும் திருத்தினால் வித்தியாசம் தொண்ணூற்று நான்கு இல்லை, முப்பத்தேழு. பிஸ்கட்டையும் மக்கையும் சேர்த்தால் சூப்பர் மார்க்கெட்தான் கூடுதல்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் மிதக்கிறது. அடர்த்தி பாடத்தை நான் போன வருடமே படித்துவிட்டேன். தேர்வில் முழு மதிப்பெண்.

இதற்கு மேல் எழுதாமல் நோட்டை மூடி வைத்தேன். அரைமணி நேரம் கழித்து மறுபடி திறந்திருக்கிறேன்.

அந்தக் கரும்பலகையில் 'க. எண்ணெய் கிலோ 210' என்று இருந்தது. 'கிலோ' என்ற சொல் இருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு '210' என்று மட்டும் எழுதினேன். அப்பா வந்து சிரித்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்கு வந்து அதை லிட்டர் கட்டத்தில் எழுதினேன். அவசரத்தில் எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் மற்ற பதினேழு சாமான்களையும் நான் அவசரமாக எழுதவில்லை.

அட்டையில் இருக்கும் சிவப்பு எழுத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செய்தித்தாள் போட்டு அட்டை போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அப்பா வந்ததும் சொன்னேன். "அப்பா, என் கணக்கு தப்பு. முப்பத்தேழு ரூவாதான் கூட. கொசுறு, கறிவேப்பிலை எல்லாம் சேத்தா அதுவும் இல்ல."

"முப்பத்தேழும் காசுதானம்மா."

"நம்ம பழையபடி அக்கா கடையிலயே வாங்கலாம்."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். "மூணு வாரமாப் போகாம இருந்துட்டு, இப்பப் போயி என்னன்னு நிக்கிறது?"

சாமான் வாங்கப் போகிறவர் 'சாமான் வேணும்' என்று நிற்க வேண்டியதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். இதைக் கேட்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை.

"அம்மாவுக்கு அந்தக் கடை புடிக்குமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஒங்கம்மாதான் என்னைய அந்தக் கடைக்கே பழக்குனது. 'எடையும் சரியா இருக்கும், ஆளும் சரியா இருக்கும்'னு சொல்லுவா. வளைகாப்புக்கு வளையல் அடுக்க வந்தவுகள்ல ஜெயக்கொடியும் ஒண்ணு. ஒனக்கு எப்படித் தெரியும், நீதான் உள்ள இருந்தியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்தது, ஆனால் பல் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கண்காட்சி. மேசையில் எண்ணெய்ப் பாக்கெட், அதன் பக்கத்தில் என் அட்டவணை. 94 என்பதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, மேலே 37 என்று எழுதியிருந்தேன். முன்வரிசையில் ஒன்பது கடுகுப் பொட்டலங்கள். அப்பா பிறகு வாங்கிய பத்தாவது, இந்த மாதத் தாளிப்புக்குப் போய்விட்டது.

"இது என்னடி, கொலு மாதிரி?" என்றாள் கவிப்ரியா.

"லிஸ்டில் இல்லாமல் வாங்கப்படும் பொருள். எடுத்துக்காட்டு" என்றேன்.

கிரேஸ் டீச்சர் வந்து வெகுநேரம் நின்றார். "தப்ப அழிச்சிட்டு வேற தாள்ல எழுதிருக்கலாமே?"

"தப்பும் என் கணக்குதான், டீச்சர்."

"முடிவுல பொன்னையா மளிகைன்னு எழுதியிருக்க. ஆனா முப்பத்தேழு ரூபாய் கூட. காரணம்ங்குற எடம் காலியா இருக்கே?"

"காரணம் இருக்கு, டீச்சர். ஆனா அது எங்க வீட்டுக் காரணம்."

டீச்சர் சிவப்புப் பேனாவால் அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு சரி போட்டார். முதல் பரிசு கோலத்துக்குப் போய்விட்டது. கோலம் உண்மையிலேயே அழகாக இருந்தது.

பொட்டலங்களைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒன்பதையும் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிட்டேன். அங்கே சமைக்கும் முத்தாயி அம்மா, "எம்மாடி, ஒரு மாசத்துக்குத் தாளிக்கலாம் போலருக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டியின் நடுக்கிண்ணத்தைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து கடுகு இருந்தது. அதையும் தொட்டிச் செடிக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

அப்பாவுக்கு ஓய்வு நாள். சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்து வைத்தேன். கொட்டை எடுத்த புளி. நகத்தில் எதுவும் குத்தவில்லை. பிறகு கூப்பிட்டேன்.

"அப்பா, கடுகு தீந்துபோச்சு."

"கடுகா? அதான் ஒம்பது பொட்டலம்..."

"இல்ல. நல்லாத் தேடிப் பாருங்க."

அலமாரியில் தேடினார். அஞ்சறைப் பெட்டியை நானே திறந்து காட்டினேன். நடுக்கிண்ணம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நான் பொய் சொல்வதில்லை. வீட்டில் உண்மையாகவே கடுகு இல்லை.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சூப்பர் மார்க்கெட்டுல..."

"அம்பது கிராமுக்கு யாராச்சும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவாங்களா? தெருமுனையில வாங்கிட்டு வாங்க. ஆவணி வந்துட்டா அங்கயும் கிடைக்காது."

அப்பா கொல்லைப்பக்கம் போனார். முகம் மழித்துக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அம்பது கிராம்தானம்மா?" என்றார்.

"நூறாக்கூட வாங்கலாம்பா."

ரசம் கொதித்து, நுரை கட்டி, நான் அடுப்பை அணைத்து, மூடி வைத்து, ஒரு அத்தியாயம் படித்து முடித்தேன். முக்கால் மணி நேரம். அப்பா வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"கடுகு எங்கப்பா?"

அப்பா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, காசு குடுத்தேனே" என்றார். சட்டைப் பையைத் தொட்டார். "மறந்துட்டேம்மா." முகத்தில் வெட்டு ஒன்று இருந்தது, அவசரமாக மழித்ததில். ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் குரல். "கண்டக்டர் வீட்டுல யாரும் இருக்கீகளா? டிக்கெட்ட வாங்கிட்டுச் சில்லறைய விட்டுட்டு எறங்குற ஆளப் பாத்திருக்கேன். காசக் குடுத்துட்டுச் சாமான விட்டுட்டுப் போற கண்டக்டர இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

ஜெயக்கொடி அக்கா. கடைக்கு வெளியே அவரை நான் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உயரமாகத் தெரிவார். உண்மையில் என் உயரம்தான். வாசற்படிக்கு வெளியே நின்றபடி பொட்டலத்தை நீட்டினார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டும் தாயி, கடை தெறந்து கெடக்கு."

"கடைய எப்பப் பூட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துச் சொன்னார். "தம்பிக்கு இப்பத்தேன் போன் போட்டேன். வரலன்னு சொல்லிட்டேன். 'கடையப் பூட்ட வேணாம்'னு ஒரு ஆளு வந்து சொல்லுச்சு. இந்த மூணு வார்த்தையச் சொல்ல முக்கா மணி நேரம் ஆச்சு. நடுவுல நாலு பேருக்கு நான் யாவாரம் பாத்து அனுப்பிட்டேன்."

அப்பா மின்விசிறியைப் போட்டார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் நின்றுவிட்டது.

நான் சமையலறையிலிருந்து அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்தேன். மூடியைத் திறந்து இரண்டு கைகளாலும் நீட்டினேன். ஜெயக்கொடி அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலியாக இருந்தது ஒரே ஒரு கிண்ணம்தான். இருந்தும் அவராக அதில் கொட்டவில்லை.

"ஒங்கம்மா எதுல போடுவாக?" என்று கேட்டார்.

"நடுவுல" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே வந்து, ஒரு கடுகுகூடச் சிந்தாமல் கொட்டினார்.

ரசத்துக்கு அவரே தாளித்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். கடுகு கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டார். அப்பா இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார்.